நிலத்தைப் பேணுதல்: கத்தோலிக்க அருட்சகோதரியரும் ஒரு சொல்லின் பொருளும்



மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் கன்னியர் மடங்களைப் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பளித்திருக்கலாம். நாம் இறையியல் கற்றவரல்லர். சொற்களின் பின்னே செல்வதே நமது தொழிலாக இருந்தது. அவ்வாறு சென்றபோது ஒரு சொல் நம்மைப் பென்சில்வேனியாவின் சோளக்கொல்லை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியது. அக்கொல்லையைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

நம் தலைமுறையினர் பலர்க்கு 'கான்வென்ட்' என்றவுடன் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்திறங்கிய பிரெஞ்சுக் கன்னியர் தொடங்கிய பள்ளிகள் இதற்குக் காரணம். தமிழ்நாட்டிலோ அச்சொல் மடத்தை முற்றிலும் மறந்து, கன்னியர் ஒருவரும் இல்லாத ஆங்கிலவழிப் பள்ளியையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. சொற்பொருள் மாற்றத்திற்கு வகுப்பறையில் காட்டத்தக்க நல்ல சான்று இது. ஆனால் பள்ளி நடத்துவதற்காகவே துறவு பூண்டவர்கள் இவர்கள் என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்து நம்முள் படிந்துவிட்டது. அவர்களுடைய வாழ்வில் நிலத்திற்கு என்ன இடம் என்று நாம் கேட்டதேயில்லை.

இனிக் கொல்லைக்கு வருவோம்.

கிறிஸ்துவின் இரத்தத்தை ஆராதிக்கும் சகோதரியர் என்பது ஒரு துறவற சபை. 1834இல் இத்தாலியின் அக்கூத்தோ என்னும் சிற்றூரில் மரிய தெ மத்தியாஸ் என்னும் பெண்மணி தொடங்கியது. கற்பித்தலும் நோயாளரைப் பேணுதலும் அவர்கள் பணி. 1992இல் லைபீரிய உள்நாட்டுப் போரின்போது அச்சபையின் அமெரிக்கச் சகோதரியர் ஐவர் கொல்லப்பட்டனர். நம்பிக்கைக்கு விலை உண்டு என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

2005ஆம் ஆண்டு அச்சபையினர் ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டனர். அதன் பெயரைத் தமிழில் 'நிலஅறம்' என்று தருவது பொருந்தும். (இச்சொற்சேர்க்கை ஆங்கிலத்தில் அவர்களுக்கு முன்பே வழங்கியது. ஆல்டோ லியோபோல்டு என்னும் வனவியலறிஞரின் புகழ்பெற்ற கட்டுரை அப்பெயரில் 1949இல் நூலுள் வெளிவந்தது.) தமிழில் இல்லறமும் துறவறமும் நமக்குப் பழகியவை. அவ்விரண்டின் பக்கத்தில் நிலஅறம் என்று எழுதிப் பார்த்தபோது, அது மொழிபெயர்ப்புச் சொல் என்னும் உணர்வே நமக்கு எழவில்லை. நிலம் இறைவனின் கொடை, வரும் தலைமுறைகளுக்குரிய சொத்து, படைப்பு முழுதும் புனிதமானது, ஆதலால் தம் பொறுப்பிலுள்ள நிலத்தை அந்நோக்கோடு நடத்தவேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். திருத்தந்தை பிரான்சிஸ் பொதுவான இல்லத்தைப் பேணுவது பற்றிய சுற்றுமடலை வெளியிட்டது 2015இல். சகோதரியர் அதற்குப் பத்தாண்டு முந்திவிட்டனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்தில், கொலம்பியா என்னும் ஊருக்கு அருகே, அச்சபைக்கு நிலம் உண்டு. அதில் உழவர் ஒருவர் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தார். மாநிலத்தின் வடபகுதியில் மார்செல்லஸ் என்னும் பாறையடுக்கைப் பிளந்து எடுக்கப்படும் எரிவாயுவைத் தெற்கே கொண்டுசெல்ல ஒரு நிறுவனம் குழாய்ப் பாதை வகுத்தது. 'அட்லாண்டிக் சன்ரைஸ்' என்பது அத்திட்டத்தின் பெயர். அட்லாண்டிக் உதயம்! குழாய்க்கு விடியலின் பெயரைச் சூட்டியவர் எவரோ, அவர்க்குச் சொல்லின் ஆற்றல் தெரிந்திருக்கிறது. நாற்பத்திரண்டு அங்குல விட்டமுடைய அக்குழாய் சகோதரியரின் வயலை ஊடறுத்துச் செல்லவேண்டும். நிறுவனம் பணம் தர முன்வந்தது. சகோதரியர் மறுத்தனர். 2017 பிப்ரவரியில் கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வொப்புதல் கையில் இருந்தால், உரிமையாளர் இசையாவிட்டாலும் இழப்பீடு கொடுத்து நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை நீதிமன்றத்தின் வழியே பெற்றுவிடலாம். நிறுவனம் அவ்வழியிற் சென்றது.

சகோதரியர் செய்தது எளிய செயல். குழாய் செல்லவேண்டிய தடத்தின்மேல், சோளப்பயிருக்கு நடுவே, சுவரில்லாத சிற்றாலயம் ஒன்றை எழுப்பினர். மரத்தாலான ஒரு வளைவு, சில மர இருக்கைகள், அவ்வளவே. 2017 ஜூலை 9ஆம் நாள் அதனை நேர்ந்தளித்தனர். குழாய் எதிர்ப்பில் ஈடுபட்ட உள்ளூர் மக்கள் பலர், கத்தோலிக்கர் அல்லாதாரும், கூடிநின்றனர். அடுத்த சில நாள்களில் சகோதரியர் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். நிலத்தைப் பேணுவது எங்கள் சமயக் கடமை. அந்நிலத்தைப் படிம எரிபொருளுக்குக் கட்டாயமாகப் பயன்படுத்துவது எங்கள் சமய உரிமையை மீறுகிறது. 1993ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் எங்களைக் காக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். நிலத்தைப் பேணுவது எவ்வாறு சமயக் கடமையாகும்? நல்ல குடிமகனின் கடமை என்றால் விளங்கும். அறிவியலின் எச்சரிக்கை என்றாலும் விளங்கும். துறவியின் வார்த்தைப்பாட்டிற்கும் மண்ணுக்கும் என்ன உறவு?

கத்தோலிக்கத் துறவியர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுப்பர். அறுபதுகளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற சபைகளைத் தம் தொடக்க ஊற்றுக்குத் திரும்பிப் பார்க்கப் பணித்தது. அதன்பின் பல சபையினர் இம்மூன்றையும் புதிதாக ஓதத் தொடங்கினர். ஏழ்மை என்பது உலகின் பொருள்களை வேண்டிய அளவுக்குமேல் நுகராமை என்றாயிற்று. மிகவும் சுவையானது கீழ்ப்படிதலின் கதை. இதற்குரிய இலத்தீன் வினை, 'கேட்டல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. செவிசாய்த்தல் என்பதே அதன் மூலப்பொருள். தமிழில் நாம் வழங்கும் 'கீழ்ப்படிதல்' என்னும் சொல்லில் மேல் கீழ் என்னும் படிநிலை புகுந்துவிட்டது. ஒருவர் தணிந்துநிற்கும் காட்சியே அதில் தெரிகிறது. ஆனால் நம் பேச்சில் இலத்தீனுக்கு நிகரானது வேறோர் இடத்தில் கிடக்கிறது. 'பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான்' என்கிறோம். செவிப்புலனா பணிவா என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மண் சொல்வதைக் கேட்பது கீழ்ப்படிதல் என்று இச்சகோதரியர் சொல்லும்போது, அது தமிழர்க்கு விளக்கவேண்டாத கூற்றாகிவிடுகிறது.

வேதநூலையும் அவர்கள் இவ்வாறே திரும்ப ஓதினர். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு இடப்படும் கட்டளை அடக்குதல், ஆளுதல் என்னும் வன்மையான எபிரேய வினைகளால் ஆனது. நீண்ட காலம் உலகம் பிடித்துக்கொண்டது அவ்விரண்டையுமே. இரண்டாம் அதிகாரத்தில், தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனுக்கு வேறிரு வினைகள் தரப்படுகின்றன. ஒன்று 'அபத்', உழைத்தல் என்பதோடு ஊழியம் செய்தல் என்றும் பொருள்படும், வழிபாட்டுப் பணிக்கும் வரும். மற்றொன்று 'ஷமர்', காத்தல், கட்டளைகளைக் கடைப்பிடித்தல் என்று பொருள். எனவே தோட்டத்தில் உழுவதும் கோயிலில் தொண்டு செய்வதும் அம்மொழியில் ஒரே வினை. மனிதனைக் குறிக்கும் 'ஆதாம்' என்பதே மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்பதோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. இவ்விரு வினைகளுக்கும் தமிழில் ஒரே சொல் வேண்டுமென்றால் நமக்குத் தோன்றுவது 'பேணுதல்'. குழந்தையைப் பேணுகிறோம், பெரியோரையும் பேணுகிறோம். பழந்தமிழில் அது வழிபடுதலையும் குறித்தது. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்று நம் பாடநூல்கள் எழுதும் தொடரில் காவலாளி தெரிகிறான், வழிபடுபவர் தெரிவதில்லை. கொலம்பியாவின் சகோதரியர் நீதிமன்றத்தில் சொல்ல முயன்றது, நமது பேணுதல் என்னும் ஒரே வினையில் அடங்கிக் கிடப்பதைத்தான் என்று நமக்குப்பட்டது. இச்சொல்லே நம்மை அக்கொல்லைக்கு அழைத்துச் சென்றது.

இவர்கள் தனித்து நின்றவரல்லர். நியூ ஜெர்சி மாநிலத்தில் சகோதரி மிரியம் மெக்கில்லிஸ் என்னும் தோமினிக்கன் துறவி, சபைக்குக் கொடையாக வந்த நிலத்தில் 1980இல் 'ஜெனிசிஸ் பண்ணை'யைத் தொடங்கினார். தாமஸ் பெரி என்னும் குருவின் சிந்தனையே அவர்க்கு ஊன்றுகோல். பெரி சீன, இந்தியச் சமய மரபுகளைக் கற்றவர். பேரண்டத்தின் வரலாற்றையே திருநூல்போல் ஓதவேண்டும் என்று கருதியவர். மிச்சிகனின் மன்றோ நகரில் மரியாவின் மாசற்ற இதயப் பணியாளர் சபையினர் தம் பழைய தலைமை மடத்தை இடித்துப் புதிதாகக் கட்டாமல், கதவுகளையும் மரவேலைகளையும் மீட்டுப் பயன்படுத்தி, நிலத்தடி வெப்பத்தால் கட்டடத்தைக் குளிரவும் சூடேறவும் செய்யும் முறையை அமைத்தனர். இச்சகோதரியரைப் பற்றி சாரா மெக்ஃபார்லண்ட் டெய்லர் என்னும் ஆய்வாளர் எழுதிய விரிவான நூல் 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 1965இல் ஏறத்தாழ 1,80,000 சகோதரியர் இருந்தனர். 2015இல் அவ்வெண்ணிக்கை ஐம்பதினாயிரத்திற்கும் கீழ். இருப்போரில் பெரும்பாலோர் முதியோர். மடங்களின் நிலமோ குறையவில்லை. மக்கட்பேறு இல்லாத குடும்பம் நிலத்தை யாரிடம் விட்டுச்செல்வது? விற்றால் வீட்டுமனை ஆகும். விற்றுவரும் பணம் முதிய சகோதரியரின் மருத்துவச் செலவுக்கு உண்மையிலேயே தேவை. இவ்விக்கட்டில் நின்றுகொண்டுதான் பல சபைகள், இந்நிலத்தில் என்றும் கட்டடம் எழுப்பலாகாது என்னும் சட்டக் கட்டுப்பாட்டைத் தாமே விதித்து எழுதிக்கொடுத்தன. நிலஅறம் பற்றிய புகழுரைகளுள் இச்செலவுக் கணக்கு இடம்பெறுவதில்லை என்பது நம் குறை.

இனி வழக்கின் முடிவு. சகோதரியர் தோற்றனர். முதல் நீதிமன்றம் 2017 செப்டம்பரில், இதனை விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று தள்ளியது. அக்டோபரில் எந்திரங்கள் வயலுக்குள் வந்தன. தடுத்துநின்ற இருபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவைச் சொன்னது. அவ்வாண்டு அக்டோபரில் குழாயில் வாயு ஓடத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. பின்னர் இழப்பீடு கோரித் தொடுத்த இரண்டாம் வழக்கும் நிலைக்கவில்லை.

தோல்விக்குக் காரணம் நோக்கத்தக்கது. உங்கள் நம்பிக்கை பொய் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. இயற்கை எரிவாயுச் சட்டத்தின்படி மறுப்பை ஆணையத்தின் முன்னிலையில் எழுப்பியிருக்கவேண்டும். ஒப்புதல் வந்த முப்பது நாளுக்குள் மறுஆய்வு கோரியிருக்கவேண்டும். நீங்கள் இரண்டும் செய்யவில்லை. உரிய இடத்தில் பேசாமல் வேறோர் இடத்தில் வந்து பேசுகிறீர்கள் என்றனர். அதாவது, சொன்னதில் பிழையில்லை. சொன்ன இடத்திலும் காலத்திலும் பிழை.

வழிபாட்டைக் குறிக்கும் 'ஆராதனை' என்பதற்கு நேரான இலத்தீன் சொல்லில் 'நோக்கிப் பேசுதல்' என்னும் பொருள் உள்ளடங்கியிருக்கிறது. அச்சபையின் பெயரிலேயே அச்சொல் உண்டு. நோக்கிப் பேசுவதைப் பெயராகக் கொண்டவர்கள், ஆணையத்தை நோக்கிப் பேசாமல் விட்டுவிட்டார்கள். நாம் இதனை ஏளனமாகச் சொல்லவில்லை. சிறுபான்மை மொழியில் பணிசெய்த நமக்கு இந்நிலை நன்கு தெரியும். உள்ளத்தில் உறுதியுண்டு, வீட்டில் அறிக்கையும் எழுதிவைத்திருக்கிறோம். படிவம் வந்த நாளில் அதனை நிரப்பியிருக்கமாட்டோம். ஆயினும் நீதிமன்றத்தின் கூற்றை முழுதும் ஏற்கவும் நமக்கு மனம் வரவில்லை. எரிவாயுத் திட்டங்களைச் சீர்தூக்கும் ஆணையம், ஒரு துறவியின் வார்த்தைப்பாட்டை எந்த நிறைகோலில் வைத்து நிறுத்திருக்கும்?

கென்டக்கியில் நடந்ததை இதனோடு ஒப்பிடுவது பயன்தரும். அங்கே நெரின்க்ஸ் என்னுமிடத்தில் லொரெட்டோ சகோதரியர் 1824 முதல் இருந்துவருகின்றனர். (அன்னை தெரேசா முதலில் சேர்ந்திருந்த லொரெட்டோ சபை வேறு, மாணவர்கள் குழப்பிக்கொள்ளவேண்டாம்.) 2013இல் 'புளூகிராஸ்' என்னும் குழாய்த் திட்டத்தினர் நிலத்தை அளக்க இசைவு கேட்டபோது, சகோதரியர் அளக்கவே விடவில்லை. நிறுவனத்தின் விளக்கக் கூட்டமொன்றில் எழுந்துநின்று பாடினர். அக்காட்சி நாடெங்கும் பரவியது. மறுஆண்டு திட்டம் நிறுத்தப்பட்டது. பாட்டு வென்றது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் அங்கே, இந்நிறுவனத்திற்கு நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரமே இல்லை என்று மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பென்சில்வேனியாவில் அவ்வதிகாரம் இருந்தது. இரு சபையினரின் பக்தியில் ஏற்றத்தாழ்வு இல்லை, சட்டம் வேறு.

பிரேசிலில் நடந்தது நீதிமன்றத்தோடு முடியவில்லை. நமூர் அன்னை மரியா சபையைச் சேர்ந்த டோரதி ஸ்டாங் அமெரிக்காவில் பிறந்து, 1966இல் பிரேசில் சென்று, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். பாரா மாநிலத்தின் அனாப்பு பகுதியில், காட்டை அழிக்காமல் சிறு உழவர்கள் வாழ வழிசெய்யும் குடியிருப்புகளுக்காக உழைத்தார். அந்நிலத்தின்மேல் பெரும்பண்ணையாளர்க்கும் மரம் வெட்டுவோர்க்கும் கண் இருந்தது. 2005 பிப்ரவரி 12ஆம் நாள் காலை, கூட்டமொன்றுக்கு நடந்துசெல்லும் வழியில், கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவர்க்கு வயது 73. கொலம்பியாவின் சகோதரியர் நிலஅறத்தை ஏற்றதும் அதே ஆண்டிலேயே.

நாம் பணியிலிருந்தபோது மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு பயிற்சி தந்தோம். அசிசியின் பிரான்சிஸ் 1225 அளவில் உம்பிரிய வட்டார வழக்கில் இயற்றிய படைப்பின் புகழ்ப்பாடலே அது. 2015இன் சுற்றுமடல் தலைப்பைப் பெற்றதும் அதிலிருந்துதான். அதில் கதிரவனும் காற்றும் நெருப்பும் சகோதரர். நிலவும் நீரும் சகோதரியர். நிலம் சகோதரியும் தாயும் ஆவாள். அம்மொழியில் அப்பெயர்ச்சொற்களின் இலக்கணப் பாலும் அவ்வாறே அமைந்திருப்பதால், உறவுமுறை இயல்பாகப் பொருந்துகிறது. தமிழிலோ இவையெல்லாம் அஃறிணை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே மக்களை ஒருபுறமும் பிறவற்றை மறுபுறமும் நிறுத்தித்தான். நாம் எதிர்பார்த்த இடர் அதுவே. மாணவர்கள் தடுக்கிவிழுந்த இடம் வேறு.

நிலத்தைச் சகோதரி என்று அழைக்கவேண்டும், அக்காவா, தங்கையா? தமிழ் இவ்வினாவிலிருந்து நம்மைத் தப்பவிடுவதில்லை. 'உடன்பிறந்தாள்' என்று சுட்டலாம், விளிக்க இயலாது. 'சகோதரி' என்னும் வடசொல் உதவும். கன்னியரை நாம் அச்சொல்லால் அழைப்பதற்கும் இதுவே காரணமாயிருக்கலாம். ஆனால் வீட்டில் எவரும் உடன்பிறந்தவளைச் சகோதரி என்று கூப்பிடுவதில்லை. மாணவி ஒருவர் 'அக்கா' என்று எழுதினார். நமக்கு முன்பே இருந்தவள், நம்மை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்று காரணம் சொன்னார். பின்வரிசை மாணவர் ஒருவர் 'தங்கை' என்று எழுதியிருந்தார். "அக்கா என்றால் அவளே பார்த்துக்கொள்வாள் ஐயா, தங்கை என்றால்தான் நமக்குப் பொறுப்பு வரும்," என்றார். இருவர்க்கும் முழு மதிப்பெண் இட்டோம். அன்று வேறு வழி தெரியவில்லை.

நிலஅறத்தைத் தமிழாக்கத் தொடங்கியபோது அவ்வகுப்பே நினைவுக்கு வந்தது. அவ்வறிக்கை தன்மைப் பன்மையில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் முன்னிலையை உளப்படுத்தும் 'நாம்' வேண்டுமா, விலக்கும் 'நாங்கள்' வேண்டுமா என்று முடிவுசெய்தாக வேண்டும். வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் சகோதரியர். கடமையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களே. ஆகவே இலக்கணப்படி 'நாங்கள்' என்பதே சரி. முதற்படியில் அவ்வாறே எழுதினோம். படித்துப்பார்த்தபோது, அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் நாமும், சோளக்கொல்லையின் குத்தகை உழவரும், சிற்றாலயத்தைச் சுற்றிக் கூடிநின்ற அயலாரும் வேலிக்கு வெளியே நின்றோம். 'நாம்' என்று மாற்றினோம். இப்போது வாசிப்பவர் கையொப்பமிடாத உறுதிமொழியில் அவர் பெயரை நாமாகச் சேர்த்துவிட்டோமோ என்னும் ஐயம் வந்தது. மூன்றாம் படி மேசைமேல் இருக்கிறது. சில வரிகளில் 'நாங்கள்', சில வரிகளில் 'நாம்'. ஆசிரியர்கள் தம் வகுப்பில் இப்பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து, மாணவர்கள் எதனைத் தெரிந்தெடுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று மன்றத்தின் வழி நமக்கு எழுதினால் மகிழ்வோம்.